வழுக்குற போட் டெக்குக்கு நான்-ஸ்கிட் பெயின்ட் அடிக்கிறது எப்படி: முதல் தடவை செய்யறவங்களுக்கு

ஃபைபர் போட் டெக்ல, அதாவது மேல்தளத்துல, கால் வழுக்காம இருக்க அச்சுல வார்க்கும்போதே சின்னச் சின்ன கட்டமா மேடு பள்ளம் போட்டுத் தந்திருப்பாங்க, அது கால் பட்டு, வெயில் பட்டு, பிரஷ் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு மழுங்கிப் போயிடும், அப்புறம் கொஞ்சம் தண்ணி தெறிச்சாலே கால் நிக்காது. வழுக்காம பிடிக்கிற நான்-ஸ்கிட் பெயின்ட் அடிச்சு இதைச் சரி பண்ண இறங்கினப்ப நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. டப்பா மேல எழுதியிருக்கிறது ஒண்ணு, கடைல சொல்றது ஒண்ணு, பக்கத்து போட்காரர் சொல்றது இன்னொண்ணு. எல்லாம் முடிஞ்சப்புறம் புரிஞ்சது என்னன்னா, எந்தப் பெயின்ட்ங்கறதை விட எதுக்கு அப்புறம் எது, எவ்வளவு நேரத்துக்குள்ள எதுங்கறதுதான் இந்த வேலையே. அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாம போங்க.

நான் சொல்றது ஃபைபர் டெக்குக்கு. அலுமினியம், இரும்பு டெக்னா ப்ரைமர் (மேல்கோட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) கதையே வேற. தேக்குப் பலகை டெக்கா இருந்தா தயவுசெஞ்சு பெயின்டே அடிக்காதீங்க, தேக்கு தானாவே கால் பிடிக்கும்.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி டெக்கைத் தட்டிப் பாருங்க

நிறைய ஃபைபர் டெக் ஒரே கெட்டிப் பலகை கிடையாது. மேல ஒரு ஃபைபர் தகடு, கீழ ஒரு ஃபைபர் தகடு, நடுவுல பால்சா மரமோ ஃபோமோ (இதைத்தான் கோர்னு சொல்வாங்க) வச்சு ஒட்டியிருக்கும். போல்ட் ஓட்டை வழியா தண்ணி நடுவுல இறங்கிடுச்சுன்னா பால்சா ஊறி அழுக ஆரம்பிக்கும், மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது.

ஒரு பெரிய ஸ்க்ரூட்ரைவரோட பிளாஸ்டிக் கைப்பிடியால அணியத்துலேர்ந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரைக்கும் ஒரு சாண் இடைவெளி விடாம தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இடத்துல டக்டக்னு கெட்டியா கேக்கும், ஊறின இடமோ ஒட்டு விட்டுப்போன இடமோ தொப்புனு அமுங்கின சத்தம் தரும். அந்த இடத்தை பென்சில்ல வட்டம் போட்டு வைங்க. குதிகாலை ஊன்றி மிதிச்சா டெக் அமுங்கி எழும்பினா அதுவும் அதே நோய்தான்.

இப்படிப் பெரிய இடம் மாட்டிச்சுன்னா பெயின்ட் வேலையை நிறுத்திடுங்க. மேல் தகடை அறுத்து, ஊறினதை எடுத்து, காயவச்சு, புது கோர் வச்சு மூடறது தனி வேலை. அதைச் செய்யாம மேல அடிக்கிற பெயின்ட் வீண், ஏன்னா பின்னாடி அதே இடத்தை எப்படியும் அறுத்தாகணும்.

2. கைல இருக்க வேண்டிய பேப்பர்கள்

இதைச் சொன்னா நிறைய பேர் சிரிப்பாங்க, பெயின்ட் அடிக்க என்ன பேப்பர்னு. ஆனா பாதி தலைவலி இங்கதான் தீரும்.

முதல்ல டெக்னிக்கல் டேட்டா ஷீட். ப்ரைமருக்கு ஒண்ணு, மேல்கோட்டுக்கு ஒண்ணு, ரெண்டையும் கம்பெனி சைட்லேர்ந்து எடுத்து பிரின்ட் போட்டுக்கங்க, வேலை நடக்கும்போது கையெல்லாம் ரெசினா இருக்கும், போனைத் தொட முடியாது. அதுல பாக்க வேண்டியது: கலவை விகிதம் (அளவுலயா எடையிலயான்னு பாத்துக்கங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல), கலந்தப்புறம் எவ்வளவு நேரம் தாங்கும், எந்த தின்னர், எந்த ப்ரைமர் மேல ஒட்டும், அடுத்த கோட்டுக்குக் குறைஞ்சபட்ச நேரம், அதிகபட்ச நேரம். கடைசியா சொன்ன அதிகபட்ச நேரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போடுங்க. அந்த நேரத்துக்குள்ள அடுத்த கோட் போனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், தாண்டிடுச்சுன்னா மறுபடி தேய்ச்சுட்டுத்தான் அடிக்கணும்.

அடுத்தது சேஃப்டி டேட்டா ஷீட், எந்த மாஸ்க், எந்த கையுறைன்னு அதுலதான் இருக்கும். அப்புறம் போட்டை ஏத்தி வைக்கிற யார்டோட விதிமுறை, வாய்வார்த்தையா இல்லாம எழுத்துல வாங்குங்க. வேக்குவம் மாட்டாத சாண்டருக்கு (உப்புத்தாள் மெஷின்) தடை, ஸ்ப்ரே அடிக்கத் தடை, வெளியாள் கூட்டிட்டு வரத் தடைன்னு ஒவ்வொரு யார்டும் ஒவ்வொரு மாதிரி, இடத்தை புக் பண்ணி பணம் கட்டினப்புறம் இது தெரிஞ்சா மாட்டிக்குவீங்க. போட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தா கரைல ஏத்தி வேலை பாக்கற நாள்லயும் கவர் ஆகுமான்னு பாலிசியைப் பாருங்க.

போட் பழசா வாங்கினதுன்னா, முன்னாடி என்ன பெயின்ட் அடிச்சாங்கன்னு பில் இருந்தா பொக்கிஷம். இல்லன்னா ஒரு சோதனை: டூ-பார்ட் பெயின்டோட (ரெண்டு டப்பாவைக் கலந்து கெட்டியாக விடற ரகம்) தின்னர்ல துணியை நனைச்சு ஒரு ஓரத்துல சில நிமிஷம் வச்சுப் பாருங்க. பழைய பெயின்ட் இளகினாலோ சுருங்கினாலோ அது ஒன்-பார்ட் ரகம் (கலக்காம ஒரே டப்பாலேர்ந்து அடிக்கிறது), அது மேல டூ-பார்ட் போட்டா அடியோட கிளம்பி வந்துடும். ஒண்ணு முழுசா சுரண்டி எடுக்கணும், இல்லன்னா நீங்களும் ஒன்-பார்ட்டே போடணும். பழைய பெயின்ட் ஏற்கனவே உறுதியா ஒட்டியிருக்கான்னு பாக்க, கத்தியால பெருக்கல் குறி கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குனு இழுங்க. டேப்போட பெயின்ட் வந்தா அது மேல எதையும் கட்ட முடியாது.

3. எந்த முறைன்னு முடிவு பண்ணுங்க

நாலு வழி இருக்கு.

முதல் வழி, கம்பெனியே சொரசொரப்புத் தூளைக் கலந்து விக்கிற டெக் பெயின்ட், இன்டர்டெக் மாதிரி. திறந்து, கலக்கி, ரோலர்ல அடிக்க வேண்டியதுதான். பிடிப்பு சுமார், தோற்றம் நல்லா இருக்கும். முதல் தடவைக்கும், ரொம்ப அலை அடிக்காத இடத்துல ஓட்டற சின்ன போட்டுக்கும் இதுவே போதும்ங்கறது என் கருத்து.

ரெண்டாவது, சாதாரண மேல்கோட் பெயின்ட்ல நீங்களே தூளைக் கலந்து அடிக்கிறது. சொல்லக் கேக்க சுலபம், ஆனா தூள் அடியில போய் உக்காந்துக்கும், ட்ரேல ஒரு பக்கம் வெறும் பெயின்ட் ஒரு பக்கம் வெறும் தூள்னு ஆயிடும், அதனால டெக்ல திட்டு திட்டா வரும். கலக்கிக்கிட்டே இருக்க ஒரு ஆள் கூட இருந்தா மட்டும் இதை எடுங்க.

மூணாவது, தூவுற முறை. ஈரமான கோட் மேல தூளைத் தாராளமா தூவி, காஞ்சப்புறம் ஒட்டாததைப் பெருக்கி எடுத்துட்டு, மேல ரெண்டு கோட் போட்டு மூடறது. வேலை அதிகம், தூள் அதிகம் செலவாகும், ஆனா டெக் முழுக்க ஒரே சீரா வர்றதும் ரொம்ப நாள் உழைக்கிறதும் இதுதான்.

நாலாவது, கிவிகிரிப் மாதிரி தண்ணியை அடிப்படையா வச்ச கெட்டி அக்ரிலிக். தூளே கிடையாது, கெட்டியா பரப்பி அதுக்குன்னே இருக்கிற சல்லடை ரோலரை ஓட்டினா முள்ளு முள்ளா எழும்பி நிக்கும். ஒரே கோட், வாடை இல்ல, மழுங்கின பழைய கட்ட டிசைனையும் மூடிடும். குறைன்னு பாத்தா அழுக்கு பிடிக்கும், தேய்ச்சுக் கழுவ சிரமம்.

பெயின்ட் வேண்டாம்னா ஒட்டற ஷீட் ரகங்களும் இருக்கு, அது இந்தக் கட்டுரையில வராது.

இனி தூளைப் பத்தி. சாதா மணல் மலிவு, ஆனா முனை கூரா இருக்கும், முட்டி போட்டு வேலை பாத்தா தோல் உரிஞ்சுடும், துணியும் கிழியும். அலுமினியம் ஆக்சைடு இன்னும் கொடூரம், ஆளுங்க முட்டி போடாத சரக்கு போட்டுக்கு மட்டும் அது சரி. பாலிமர் மணிகள் உருண்டையா இருக்கும், வெறுங்காலுக்கு இதமா இருக்கும், எடை குறைவுங்கறதால பெயின்ட்ல சட்டுனு அடியில இறங்காது. விலை கூடத்தான், ஆனா இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஏன்னா அந்த டெக் மேல நடக்கப் போறது உங்க கால். சிலர் ஈர பெயின்ட் மேல கல் உப்பையோ சர்க்கரையையோ தூவி, காஞ்சப்புறம் தண்ணி விட்டுக் கரைச்சு எடுப்பாங்க, குழி குழியா ஒரு பிடிப்பு வரும். வேலை செய்யும்தான், ஆனா நல்லா காயற வரைக்கும் மழையோ பனியோ பட்டா கதை முடிஞ்சுது.

நிறத்துல ரெண்டே எச்சரிக்கை. அடர் நிறம் வெயில்ல கால் வைக்க முடியாத சூடாகும், பளிச் வெள்ளை கண்ணைக் கூசும். க்ரீம், வெளிர் சாம்பல் மாதிரி அடருக்கும் வெள்ளைக்கும் நடுவுல எதையாவது எடுங்க.

4. காசு எங்க போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கங்க

பெயின்ட் டப்பா விலையை மட்டும் வச்சு பட்ஜெட் போட்டா ஏமாந்துடுவீங்க. டேப், உப்புத்தாள், ரோலர், கழிவுத்துணி, தின்னர், மாஸ்க் கார்ட்ரிட்ஜ், சீலன்ட் (தண்ணி இறங்காம அடைக்கிற பசை), பட்டி எல்லாம் சேத்தா பெயின்ட் விலையை நெருங்கிடும், சில சமயம் தாண்டவும் தாண்டும். கரைல ஏத்தி வச்சா யார்டுக்கு நாள் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும், மழை பெஞ்சு நீங்க சும்மா உக்காந்திருக்கிற நாளுக்கும் சேத்துதான். அதனால கழட்டறது, கழுவறது, அளக்கறது எல்லாத்தையும் போட் தண்ணில இருக்கும்போதே முடிச்சுட்டு ஏத்துங்க. டெக் வேலைக்கு மட்டும்னா பல போட்டை ஏத்தவே வேண்டியதில்ல, ஆனா தேய்க்கிற தூசி தண்ணில விழறதுக்கு மரினா (போட் கட்டி நிறுத்தற இடம்) ஒத்துக்குமான்னு கேட்டுக்கங்க.

அளவு கணக்கு: நான்-ஸ்கிட் வர்ற ஒவ்வொரு கட்டத்தையும் நீளம் அகலம் அளந்து சதுர மீட்டர்ல கூட்டுங்க. மெல்லிசா அடிக்கிற சாதாரண மேல்கோட் ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டர் வரும், ஒரு கோட்டுக்கு. கெட்டியா பரப்பற டெக்ஸ்சர் ரகம் லிட்டருக்கு 2 சதுர மீட்டர் வந்தாலே பெரிசு. இந்த வித்தியாசத்தைப் பாக்காம விலையை ஒப்பிட்டா தப்பான டப்பா மலிவாத் தெரியும். மொத்தத்தையும் ஒரே தடவை, ஒரே பேட்ச் நம்பர்ல வாங்குங்க, டப்பாவோட பேட்ச் நம்பரை போட்டோ எடுத்து வைங்க, பின்னாடி ஒட்டுப்போட வேண்டி வந்தா நிறம் பாக்க உதவும்.

ஆள் வச்சு செய்யறதா இருந்தா கொட்டேஷன்ல ரெண்டு கேள்வி கட்டாயம் கேளுங்க: டெக் சாமானைக் கழட்டித் திரும்ப சீலன்ட் வச்சு மாட்டறது இதுல சேத்தியா, கோர் ஊறியிருந்தா அதுக்கு எப்படிக் கணக்கு. கூலில பெரும்பகுதி தயாரிப்பு வேலைக்குத்தான் போகும், பெயின்ட் அடிக்கிறதுக்கு இல்ல.

5. மேல இருக்கிறதைக் கழட்டுங்க

கிளீட் (கயிறு கட்டற கொக்கி), ரெயில் அடிக்கால், கப்பி, மூடி எதெல்லாம் கழட்ட முடியுமோ அதெல்லாம். சுத்தி டேப் ஒட்டி அடிச்சுக்கலாம்னு தோணும், ஆனா அந்த ஓரத்துலேர்ந்துதான் பெயின்ட் முதல்ல உரியும், தண்ணி இறங்கறதும் அதே ஓட்டை வழியாத்தான். கழட்டறதுக்கு முன்னாடி எல்லா கோணத்துலயும் போட்டோ எடுங்க, ஒவ்வொண்ணோட போல்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு எந்த இடம்னு எழுதி வைங்க.

இப்ப ஓட்டை திறந்திருக்கும்போதே ஒரு நல்ல காரியம் பண்ணிடுங்க. கோர் உள்ள இடம்னா ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி, உள்ள கெட்டியாக்கின எபாக்சியை (ரெண்டு பாகம் கலக்கிற ரெசின் பசை) நிரப்பி, காஞ்சப்புறம் சரியான அளவுல திரும்பத் துளை போடுங்க. அப்புறம் சீலன்ட் என்னைக்காவது விட்டாலும் தண்ணி எபாக்சியைத்தான் தொடும், பால்சாவைத் தொடாது. எபாக்சியை ஒரு பெரிய கப்ல மொத்தமா கலக்காதீங்க, சூடாகிப் புகையே வந்துடும். கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க.

6. முதல்ல மெழுகு, அப்புறம்தான் உப்புத்தாள்

இந்த வரிசை மாறினா எல்லாமே போச்சு. டெக்ல பழைய பாலிஷ் மெழுகு, எண்ணெய், சிலிக்கான் எல்லாம் இருக்கும். அதை எடுக்காம தேய்ச்சா உப்புத்தாள் போட்ட கீறல் உள்ளயே மெழுகு போய் அடைஞ்சுக்கும், அப்புறம் எதைப் போட்டும் எடுக்க முடியாது.

சோப்புத் தண்ணில பிரஷ் போட்டு நல்லா கழுவி, காயவிட்டு, அப்புறம் கம்பெனி சொன்ன டீவாக்ஸ் சால்வன்ட்ல (மெழுகைக் கரைச்சு எடுக்கிற திரவம்) துடைங்க. ரெண்டு துணி வேணும்: ஒண்ணு நனைச்சு தடவ, பின்னாடியே இன்னொண்ணு காஞ்ச துணியால ஆவியாகறதுக்குள்ள துடைச்சு எடுக்க. துணியை அடிக்கடி மாத்துங்க, ஒரே துணில துடைச்சா மெழுகை இங்கேர்ந்து அங்க நகர்த்தறீங்க, அவ்வளவுதான். முடிஞ்சதும் தண்ணியைத் தெளிச்சுப் பாருங்க. தண்ணி படலமா பரவி நின்னா சுத்தம், முத்து முத்தா உருண்டா இன்னும் மெழுகு இருக்கு, மறுபடி துடைங்க.

பழைய சிலிக்கான் சீலன்ட் இருந்த இடம் தனி எதிரி. அங்க பெயின்ட் மீன் கண்ணு மாதிரி வட்ட வட்டமா விலகிப் போகும். மொதல்ல பிளேடால சுரண்டி எடுத்துட்டு சிலிக்கான் ரிமூவர் போடுங்க.

இப்ப தேய்க்கலாம். வழவழப்பான பகுதிக்கு 220 கிரிட் (உப்புத்தாளோட நம்பர், கூடக் கூட நைசு) வரைக்கும் போகலாம். நான்-ஸ்கிட் கட்டம் இருக்கிற இடத்துல தட்டையான சாண்டர் மேட்டை மட்டும் தேய்க்கும், பள்ளம் பளபளன்னு அப்படியே கிடக்கும், பெயின்ட் அங்கேர்ந்துதான் உரியும். முரட்டு நார்ப் பேடும் வெண்கலக் கம்பி பிரஷும் வச்சு பள்ளத்துக்குள்ள இறங்கித் தேய்ங்க. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், உதிர்ற துணுக்கு டெக்ல துரு பிடிச்சு பெயின்ட் மேல பழுப்புப் புள்ளியா வரும். கட்டம் ரொம்ப மழுங்கிப் போயிருந்தா 80 கிரிட்ல மொத்தமா சமப்படுத்திட்டு புதுசா ஆரம்பிக்கறது மேல்.

தூசிக்கு மாஸ்க் போடாம ஆரம்பிக்காதீங்க, பழைய போட்னா பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

7. விரிசல், பட்டி, ப்ரைமர்

முடி மாதிரி மெல்லிசா இருக்கிற விரிசல் மேல அப்படியே பட்டி இழுத்தா ஒரு சீசன்ல திரும்ப வந்துடும். கூர் முனையால வி வடிவத்துல திறந்து, எபாக்சிப் பட்டி வச்சு அடைங்க. காஞ்ச எபாக்சி மேல சில சமயம் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும், அதை வெறும் தண்ணியும் நார்ப் பேடும் வச்சுக் கழுவினாலே போயிடும், கழுவினப்புறம்தான் தேய்க்கணும்.

ஒரே இடத்துலேர்ந்து நட்சத்திரம் மாதிரி விரிசல் கிளம்புச்சுன்னா அது பெயின்ட் பிரச்னை இல்ல, அங்க டெக் ஆடுதுன்னு அர்த்தம். கீழ தாங்குதகடு வச்சுப் பலப்படுத்துங்க.

பட்டி வச்ச இடம், ஃபைபர் தெரியற இடம் எல்லாத்துக்கும் எபாக்சி ப்ரைமர் கட்டாயம். ப்ரைமரும் மேல்கோட்டும் ஒரே கம்பெனில எடுத்துட்டா, ஒட்டாம போனா யாரைக் கேக்கறதுங்கற குழப்பம் இல்ல.

8. டேப் போடறதுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்க

பாக்கறவங்க கண்ணுல படறது பெயின்ட் இல்ல, இந்த ஓரம்தான். டெக் முழுக்க சொரசொரப்பா அடிக்கக் கூடாது. சாமான் உக்கார்ற இடம், மூடி ஓரம், தண்ணி ஓடற வழி இதையெல்லாம் வழவழப்பா விடணும், இல்லன்னா சீலன்ட் சரியா உக்காராது, அழுக்கும் தேங்கும். ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஓரம் விட்டா போதும்.

வழவழப்பான பகுதிக்கும் பெயின்ட் உண்டுன்னா மொதல்ல டெக் முழுக்க அந்த மேல்கோட்டை அடிச்சு நல்லா காயவிடுங்க, அது மேல டேப் போட்டு நான்-ஸ்கிட் கட்டங்களைப் பிரிங்க. கட்டத்தோட மூலையைக் கூரா விடாதீங்க, கூர் மூலைதான் முதல்ல கிளம்பும். ஒரு சின்ன டப்பா மூடியை வச்சு வளைவு வரைஞ்சு, டேப்பை மட்டும் அறுக்கிற அளவுக்கு மென்மையா கத்தி ஓட்டுங்க. ஓரக் கோட்டுக்கு வளையற ஃபைன் லைன் டேப், அதுக்கு வெளில சாதாரண மாஸ்கிங் டேப்பும் பேப்பரும். ஓரத்தை விரல் நகத்தால அழுத்திக்கிட்டே வாங்க. வெயில்ல நாள் கணக்கா டேப்பை விட்டா பசை டெக்லயே தங்கிடும், அதனால அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒட்டறதுதான் சரி.

9. நாளும் நேரமும்

பெரும்பாலான பெயின்டுக்கு 10 டிகிரிலேர்ந்து 30 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சரி, ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், டெக்கோட சூடு பனி படியற வெப்பநிலையை விட குறைஞ்சது 3 டிகிரி கூட இருக்கணும். காத்தோட சூட்டை இல்ல, டெக்கோட சூட்டை அளங்க, வெயில்ல கிடக்கிற டெக் ரொம்ப கூடுதலா இருக்கும். காலைல பனி நல்லா காஞ்சப்புறம் ஆரம்பிச்சு, டெக் சுடறதுக்கு முன்னாடி முடிங்க. சாயங்காலம் அடிச்சு அது மேல ராத்திரி பனி விழுந்தா பாலியூரிதேன் வெளுத்து மங்கிடும். காத்து பலமா அடிக்கிற நாள்ல தூவுற முறையை யோசிக்கவே வேண்டாம்.

10. அடிக்கிறது

டூ-பார்ட் பாலியூரிதேன்ல ஐசோசயனேட்ங்கற ரசாயனம் இருக்கும், அது நுரையீரலுக்கு ஆபத்து. துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் ஆவியை நிறுத்தாது. திறந்த வெளில ரோலர்ல அடிக்கவே ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும், ஸ்ப்ரே அடிக்கணும்னா வெளிக்காத்து குழாய்ல வர்ற மாஸ்க் வேணும், அதனால முதல் தடவை ஸ்ப்ரே பக்கமே போகாதீங்க. சாதா ஃபோம் ரோலர் டூ-பார்ட்ல கரைஞ்சு துண்டு துண்டா டெக்ல ஒட்டும், சால்வன்ட் தாங்கற ரோலரான்னு கேட்டு வாங்குங்க.

வெளியேற வழியை முதல்ல யோசிச்சுட்டு, அங்கேர்ந்து தூரமா இருக்கிற மூலைல ஆரம்பிங்க. ஒரு தடவைல ஒரு கட்டம், ஆரம்பிச்சா அந்தக் கட்டத்தை முடிச்சுட்டுத்தான் தண்ணி குடிக்கணும், பாதில விட்டா கோடு விழும். டூ-பார்ட்ன்னா ஒரு கட்டத்துக்கு வேணுங்கற அளவு மட்டும் கலக்குங்க, வெயில் ஏற ஏற கலவை கெட்டியாகற வேகம் கூடும். கெட்டியாக ஆரம்பிச்சதுல தின்னர் ஊத்தி இழுக்கப் பாக்காதீங்க, தூக்கிப் போடுங்க.

தூவுற முறைன்னா: பெயின்டையோ எபாக்சியையோ தாராளமா ஒரு கோட், உடனே தூளை மேல் நோக்கி வீசற மாதிரி தூவி தானா விழ விடுங்க, நேரா கொட்டினா குவியலா விழும். ஈரம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மூடணும், அங்கங்க கொஞ்சமா தூவினா திட்டாத்தான் தெரியும். முழுசா காஞ்சப்புறம் மென்மையா பெருக்கி வேக்குவம் போடுங்க. அப்புறம் ரெண்டு கோட் மேல போடுங்க, மூணாவது கோட் போட்டா சொரசொரப்பு குறைய ஆரம்பிக்கும். எந்த முறையா இருந்தாலும் முதல்ல ஒரு பழைய பலகைல அடிச்சு, காயவச்சு, நனைச்சு, வெறுங்கால்ல நின்னு பாத்துட்டு டெக்குக்கு வாங்க.

11. டேப் உரிக்கிறது, காயறது, திருப்பி மாட்டறது

கடைசி கோட் ஈரமா இருக்கும்போதே டேப்பை எடுங்க, பின்னாடி மடக்கி மெதுவா இழுக்கணும். கெட்டி டெக்ஸ்சர் ரகத்துல இது இன்னும் அவசரம், காஞ்சா ஓரமும் சேந்து பிய்ஞ்சு வரும்.

ஒரு நாள்ல மெதுவா நடக்கற அளவுக்கு காஞ்சுடும், ஆனா கனமான சாமானை இழுக்கவோ கிளீட்டை இறுக்கவோ ஒரு வாரமாவது விடுங்க, குளிர்ல இன்னும் கூட. சாமானைத் திருப்பி மாட்டும்போது ப்யூட்டைல் டேப்போ பாலிசல்ஃபைடு சீலன்டோ வைங்க, சிலிக்கான் வேண்டாம், அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது நீங்களே அதோட மல்லுக்கட்டணும். போல்ட்டைத் திருகாம கீழ நட்டைத் திருகி இறுக்கினா சீலன்ட் கலையாது.

மிச்சமான டூ-பார்ட் கலவையை டப்பாலயே கெட்டியாக விட்டு, யார்டு சொல்ற இடத்துல போடுங்க, தண்ணில ஊத்தாதீங்க. தின்னர் துணியைக் குவிச்சு வைக்காம விரிச்சுக் காயவிடுங்க.

கழுவறதுக்கு மென்மையான பிரஷும் சோப்பும் போதும். நான்-ஸ்கிட் மேல மெழுகு பாலிஷ் மட்டும் எப்பவும் போடாதீங்க, பளபளன்னு இருக்கும், காலும் வழுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை படிக்கட்டுப் பக்கமும் ஸ்டியரிங் முன்னாடியும் மட்டும் பாருங்க, அதிகமா மிதிபடற அந்த ரெண்டு இடம்தான் முதல்ல தேயும், அந்தக் கட்டத்தை மட்டும் தேய்ச்சு ஒரு கோட் போட்டா போதும், மொத்த டெக்கையும் திரும்பத் தொட வேண்டியதில்ல.